ஒரு ரூபாயில் விவசாயிக்கு எத்தனை பைசா? விவசாயக் குடும்பங்களே விற்கும் சந்தைகள் வளர்ந்தது எப்படி?

புதுடெல்லி: தக்காளிக்கு நுகர்வோர் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் அதனை விளைவித்த விவசாயிக்குச் சென்று சேர்வது சுமார் 33 பைசா மட்டுமே. வெங்காயத்திற்கு 36 பைசா, உருளைக்கிழங்கிற்கு 37 பைசா. ரிசர்வ் வங்கி 2024 அக்டோபரில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இந்தக் கணக்கு இடம்பெற்றுள்ளது. பாலில் விவசாயிக்குக் கிடைக்கும் பங்கு சுமார் 70 பைசா என்பதோடு ஒப்பிட்டால், காய்கறி பயிரிடுவோரின் நிலை விளங்கும்.

மீதமுள்ள பணம் எங்கே செல்கிறது என்ற கேள்வி புதியதன்று. அதற்குப் பல மாநிலங்கள் கண்ட விடைகளில் ஒன்று, இடைத்தரகர் எவரும் இன்றி விவசாயக் குடும்பமே நேரடியாகக் கடை விரிக்கும் சந்தை. பஞ்சாபில் 'அப்னி மண்டி', ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் 'ரைத்து பஜார்', தமிழ்நாட்டில் 'உழவர் சந்தை', கர்நாடகத்தில் 'ரைத்த சந்தை', மகாராஷ்டிரத்தில் 'ஷேத்கரி பஜார்' எனப் பெயர்கள் வேறுபட்டாலும் அடிப்படை ஒன்றுதான். சுமார் நாற்பது ஆண்டுகளில் இச்சந்தைகள் எவ்வாறு வளர்ந்தன, எங்கே தடுமாறின, ஒரு சிறு விவசாயக் குடும்பத்திற்கு இவற்றால் உண்மையில் என்ன கிடைக்கிறது என்பதை இங்கு காணலாம்.

தோட்டம் முதல் கடை வரை

அதிகாலையில் தோட்டத்திலிருந்து புறப்படும் ஒரு கூடை கத்தரிக்காய், நகரத்தில் உள்ள வீட்டின் சமையலறையை அடைவதற்குள் பல கைகள் மாறுகிறது. முதலில் ஊர் வியாபாரி அல்லது வாடகை வண்டி. அடுத்து மொத்த விற்பனை மண்டியில் கமிஷன் ஏஜென்ட். வட மாநிலங்களில் இவரை 'ஆர்த்தியா' என்பர். அங்கு ஏலம் நடைபெறும். ஏலம் எடுத்த மொத்த வியாபாரியிடமிருந்து சில்லறைக் கடைக்காரரோ தள்ளுவண்டிக்காரரோ வாங்குவார். ஒவ்வொரு கட்டத்திலும் ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, எடைக்கூலி, தரகு, சந்தைக் கட்டணம் என ஏதேனும் ஒன்று பிடிக்கப்படும். போகும் வழியில் நசுங்குவது, வாடுவது, அழுகுவது ஆகியவற்றின் இழப்பும் இறுதி விலையில்தான் ஏற்றப்படுகிறது.

ஏலம் எப்போதும் வெளிப்படையாக நடந்ததில்லை. ஒரு துணியை மூடி, அதன் அடியில் கமிஷன் ஏஜென்டும் வாங்குபவரும் விரல்களைத் தொட்டு விலை பேசும் முறை நாட்டின் பல மண்டிகளில் நெடுங்காலம் வழக்கத்தில் இருந்தது. விற்பவரான விவசாயி பக்கத்திலேயே நின்றாலும், தன் பொருளுக்கு யார் எவ்வளவு கேட்டார் என்பது அவருக்குத் தெரியாது.

இடைத்தரகர்கள் அனைவரும் சுரண்டுவோர் என்று முடிவு கட்டுவதும் சரியாகாது. விதைப்புக் காலத்தில் முன்பணம் தருபவர் பெரும்பாலும் அந்தக் கமிஷன் ஏஜென்ட்தான். மகளின் திருமணத்திற்கும் மருத்துவச் செலவிற்கும் நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் பணம் தருபவர் அவரே. வங்கி கேட்கும் ஆவணங்களை அவர் கேட்பதில்லை. அதற்குப் பதிலாக, விளைச்சலை அவரிடம் மட்டுமே கொண்டுவர வேண்டும் என்ற எழுதப்படாத நிபந்தனை உண்டு. விலை குறைவு என்று தெரிந்தும் விவசாயக் குடும்பங்கள் அதே மண்டிக்கு, அதே நபரிடம் செல்வதற்கு இந்தக் கடன் உறவே முக்கியக் காரணம்.

விவசாயிகளைப் பாதுகாக்கவே ஒழுங்குமுறை மண்டிகள் உருவாக்கப்பட்டன என்பது இதில் உள்ள முரண். பருத்தி வணிகத்திற்காக 1886-இல் இன்றைய மகாராஷ்டிரத்தின் விதர்பா பகுதியில் உள்ள காரஞ்சாவில் நாட்டின் முதல் ஒழுங்குமுறைச் சந்தை அமைந்தது. ஒன்றுபட்ட பஞ்சாபில் சர் சோட்டு ராம் முன்னின்று 1939-இல் வேளாண் விளைபொருள் சந்தைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். எடைமோசடியும் மனம்போன போக்கிலான பிடித்தங்களும் அவரது இலக்காக இருந்தன. விடுதலைக்குப் பின்னர், குறிப்பாக 1960-களிலும் 1970-களிலும், பெரும்பாலான மாநிலங்கள் இதே போன்ற சட்டங்களை இயற்றின. நெல், கோதுமை போன்றவற்றுக்கு இந்த ஏற்பாடு ஓரளவு பயனளித்தது. அரசு அவற்றைக் குறைந்தபட்ச ஆதரவு விலையில் கொள்முதல் செய்தது. காய்கறிக்கு அத்தகைய ஆதரவு விலையும் இல்லை. இருப்பு வைத்துக் காத்திருக்கவும் வழியில்லை. காலை 5 மணிக்குப் பறித்த கீரைக்கு மதியத்திற்குள் விலை கிடைத்தாக வேண்டும். மண்டியில் உரிமம் பெற்ற வியாபாரிகளின் எண்ணிக்கை குறைவாக இருந்ததால், அவர்கள் சொல்வதே விலையானது.

1987: சண்டீகரில் ஒரு தொடக்கம்

நாட்டிலேயே மிக வலுவான தானிய மண்டிக் கட்டமைப்பைக் கொண்ட பஞ்சாபில்தான் நேரடிச் சந்தைக்கான முதல் பெரிய முயற்சியும் தொடங்கியது. பஞ்சாப் மண்டி வாரியம் 1987-இல் சண்டீகரில் 'அப்னி மண்டி'யைத் தொடங்கியது. 'நமது சொந்தச் சந்தை' என்பது இதன் பொருள். அண்டை மாநிலமான ஹரியானாவும் இதனைப் பின்பற்றியது.

ஏற்பாடு மிக எளிமையானது. நிரந்தரக் கட்டடம் கிடையாது. திறந்தவெளி மைதானத்தில், குறிப்பிட்ட கிழமையில் சந்தை கூடும். திங்களன்று ஒரு செக்டரில் நடந்தால், மறுநாள் வேறு செக்டரில் நடைபெறும். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து டிராக்டரிலும் டெம்போவிலும் காய்கறிகளை ஏற்றி வரும் குடும்பங்கள் தரையில் தார்ப்பாய் விரித்து விற்கும். இடமும் தண்ணீரும் விளக்கும் வாரியத்தின் பொறுப்பு. தரகு கிடையாது.

நகரம் பகுதி பகுதியாகத் திட்டமிட்டுக் கட்டப்பட்டது என்பது சண்டீகருக்குச் சாதகமாக அமைந்தது. ஒவ்வொரு செக்டரிலும் காலி மைதானம் இருந்தது. அரசு ஊழியர்களும் ஓய்வூதியதாரர்களும் நிறைந்த அந்நகரில், வாரத்திற்குத் தேவையான காய்கறியை ஒரே நாளில் வாங்கி வைக்கும் வழக்கமும் வேரூன்றியது.

ஆனால் சில ஆண்டுகளிலேயே ஒரு சிக்கல் தலைதூக்கியது. செக்டர் 26-இல் உள்ள மொத்த விற்பனைச் சந்தையில் அதிகாலையில் சரக்கு எடுத்து, மாலையில் அப்னி மண்டியில் விவசாயிகளைப் போல அமர்ந்து விற்கும் வியாபாரிகள் பெருகினர். வாங்க வருபவருக்கு யார் விவசாயி, யார் வியாபாரி என்று வேறுபடுத்திப் பார்க்க எந்த வழியும் இல்லை. ஒரே கடையில் இமாச்சல ஆப்பிளும் நாசிக் வெங்காயமும் உள்ளூர் முள்ளங்கியும் இருந்தால், அது ஒரு குடும்பத்தின் தோட்டத்திலிருந்து வந்திருக்க முடியாது என்பது மட்டும் எவருக்கும் புரியும். விவசாயிகளுக்கான சந்தைகள் அனைத்தையும் இன்றுவரை விடாமல் துரத்தும் பிரச்சினை இதுவே.

1999: ஹைதராபாத்தில் அடையாள அட்டை

ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தில், அப்போதைய முதல்வர் சந்திரபாபு நாயுடு தலைமையிலான அரசு 1999 ஜனவரியில் ரைத்து பஜார் திட்டத்தைத் தொடங்கியது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான் வெங்காய விலை உயர்வு நாட்டையே உலுக்கியிருந்தது. 1998 நவம்பரில் நடந்த டெல்லி, ராஜஸ்தான் சட்டப்பேரவைத் தேர்தல்களில் ஆளும் கட்சியின் தோல்விக்கு அதுவும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது. காய்கறி விலை ஆட்சியை மாற்றும் என்பதை அரசியல் கட்சிகள் கண்கூடாகக் கண்ட காலம் அது.

மெஹ்திப்பட்டினம், எர்ரகட்டா, குக்கட்பள்ளி என ஹைதராபாத்தின் பல பகுதிகளிலும், பின்னர் மாநிலத்தின் பிற நகரங்களிலும் சந்தைகள் திறக்கப்பட்டன. அப்னி மண்டியிலிருந்து இது வேறுபட்டது முக்கியமாக மூன்று அம்சங்களில்.

முதலாவது, அடையாளம். வருவாய்த் துறை, தோட்டக்கலைத் துறை, வேளாண் துறை அலுவலர்கள் கிராமங்களுக்கு நேரில் சென்று, யாரிடம் எவ்வளவு நிலம் உள்ளது, அதில் என்ன பயிர் உள்ளது என்பதைச் சரிபார்த்துப் புகைப்படத்துடன் கூடிய அட்டை வழங்கினர். அட்டை இல்லாதவருக்கு இடம் இல்லை. பெயர் குடும்பத் தலைவருடையதாக இருந்தாலும், கடையில் அமர்வது பல வீடுகளில் மனைவியோ மகனோதான். கணவர் பறித்து மூட்டை கட்டுவார், மனைவி முதல் பேருந்தில் புறப்படுவார் என்ற வேலைப் பிரிவினை இயல்பாக உருவானது. மூட்டைகளோடு விவசாயிகள் வந்து செல்ல அரசுப் போக்குவரத்துக் கழகமும் பேருந்து வசதி செய்து தந்தது.

இரண்டாவது, விலை. ஒவ்வொரு நாள் காலையிலும் மொத்த விற்பனை மண்டியின் விலையைக் கேட்டறிந்து, எஸ்டேட் ஆபீசர் என்று அழைக்கப்படும் சந்தைப் பொறுப்பாளர் விவசாயிகளோடு கலந்து அன்றைய விலையை நிர்ணயிப்பார். மொத்த விலையைவிட ஏறக்குறைய 25 சதவீதம் கூடுதலாகவும், வெளிச்சந்தைச் சில்லறை விலையைவிட ஏறக்குறைய 25 சதவீதம் குறைவாகவும் அது இருக்க வேண்டும் என்பது பொது விதி. நிர்ணயித்த விலை நுழைவாயிலில் உள்ள பலகையில் எழுதப்படும். கடை கடையாக ஏறி இறங்கிப் பேரம் பேச வேண்டிய தேவை வாங்குபவருக்கு இல்லை.

மூன்றாவது, தராசு. மின்னணு எடைக் கருவிகளைச் சந்தை நிர்வாகமே வழங்கியது. இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் மண்டியில் எடையின்போது கிலோ கணக்கில் இழந்து பழகிய விவசாயிகளுக்கும், தள்ளுவண்டியில் கல்லுக்குப் பதிலாக இரும்புத் துண்டை வைத்து எடை போடுவதைப் பார்த்துப் பழகிய நகரவாசிகளுக்கும், எண் தெரியும் தராசு பெரிய மாற்றமாக இருந்தது.

கடைகள் எவருக்கும் நிரந்தரமாகச் சொந்தமில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. மணிப்பூர் தலைநகர் இம்பாலில் பெண்கள் மட்டுமே விற்கும் புகழ்பெற்ற 'இமா கெய்தெல்' எனும் அன்னையர் சந்தையில், ஓர் இடம் குடும்பத்திற்குள் ஒரு தலைமுறைப் பெண்ணிடமிருந்து அடுத்த தலைமுறைப் பெண்ணுக்குச் செல்வது மரபு. நூற்றாண்டுகளைக் கடந்து அச்சந்தை நிலைத்திருப்பதற்கு அந்த உரிமை உணர்வும் ஒரு காரணம். ரைத்து பஜாரிலோ யார் முதலில் வருகிறாரோ, யாருக்கு அன்று ஒதுக்கப்படுகிறதோ அவருக்கே இடம். விளைச்சல் இல்லாத மாதத்தில் அந்தக் குடும்பம் வராது; வேறொரு குடும்பம் வரும். இது நியாயமான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. அதே நேரத்தில், வாடிக்கையாளரைத் தக்கவைத்துக்கொள்ளும் வாய்ப்பு இதனால் குறைகிறது.

கணக்கு என்ன சொல்கிறது?

ஒரு குடும்பத்திற்கு இதில் எவ்வளவு மிஞ்சும் என்பதை ஓர் உதாரணக் கணக்கின் மூலம் பார்க்கலாம். மண்டியில் கத்தரிக்காய் கிலோ 20 ரூபாய், வெளிக்கடையில் 34 ரூபாய் என்று கொள்வோம். நேரடிச் சந்தையில் பலகை விலை 25 ரூபாய் என நிர்ணயிக்கப்படும். மண்டிக்குச் செல்லும் விவசாயிக்கு 20 ரூபாயிலிருந்து தரகும் கூலியும் போக 17 ரூபாய் மிஞ்சுவதாகக் கணக்கிட்டால், நேரடி விற்பனையில் கிலோவுக்கு 8 ரூபாய் கூடுதல். வாங்குபவருக்கோ 9 ரூபாய் மிச்சம். 100 கிலோ விற்றால் 800 ரூபாய் கூடுதல் வருவாய்.

ஆனால் இந்த 800 ரூபாய்க்குப் பின்னால் ஒரு முழு நாள் உழைப்பு இருக்கிறது. மண்டிக்குச் செல்பவர் காலை 8 மணிக்குள் சரக்கை இறக்கிவிட்டு வயலுக்குத் திரும்பிவிடலாம். நேரடிச் சந்தையில் அமர்பவர் கடைசிக் கிலோ விற்கும்வரை இருந்தாக வேண்டும். 100 கிலோவையும் இரண்டு இரண்டு கிலோவாக நிறுத்துக் கொடுக்க வேண்டும். அதே வேலைக்கு ஓர் ஆளைக் கூலிக்கு அமர்த்தினால், கூடுதல் வருவாயில் பெரும்பகுதி அவருக்கே சென்றுவிடும்.

எனவேதான் இச்சந்தைகள் இயல்பாகவே குடும்பச் சந்தைகளாக அமைந்தன. வீட்டில் உள்ள ஒருவர் தம் நாள் கூலியைக் கணக்கில் எழுதாமல் உழைக்கும்போதுதான் லாபம் லாபமாகத் தெரிகிறது. 3 ஏக்கரில் காய்கறி பயிரிட்டு, நகரத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள் வசித்து, வீட்டில் உழைக்கும் வயதில் மூன்று பேர் உள்ள குடும்பத்திற்கு இது மிகவும் பொருந்தும். தனியாக விவசாயம் செய்யும் முதியவருக்கோ, பிள்ளைகள் நகர வேலைக்குச் சென்றுவிட்ட வீட்டிற்கோ மண்டியே எளிது. அரசுத் திட்ட அறிக்கைகளில் 'கூடுதல் வருவாய்' என்று எழுதப்படும் தொகையில் ஒரு பகுதி, உண்மையில் பெண்களின் கூலியில்லா உழைப்பு என்பதைச் சொல்லியாக வேண்டும்.

மறுபுறம், கணக்கில் வராத நன்மைகளும் உண்டு. பணம் அன்றே கையில் கிடைக்கிறது. பல மண்டிகளில் ஏஜென்ட் கணக்கு முடித்துப் பணம் தர நாள்கள் ஆகலாம்; வாங்கிய முன்பணத்தில் கழித்துக்கொண்டு மீதி தருவதும் உண்டு. தினமும் கையில் ரொக்கம் வரும் குடும்பத்திற்கு அடுத்த விதைப்பிற்கு முன்பணம் கேட்டு நிற்க வேண்டிய தேவை குறைகிறது. நேரடிச் சந்தையின் ஆகப் பெரிய பயன் விலையைவிட இதுதான் என்றே கூறலாம்.

பயிர் முறையும் மாறியது. ஒரே காயை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தால் சில்லறையாக விற்று முடிக்க முடியாது. ஆகவே அரை ஏக்கரில் வெண்டை, கால் ஏக்கரில் கீரை, வரப்போரம் புடலை என்று பிரித்துப் பயிரிடும் முறைக்கு இச்சந்தைகள் இடம் தருகின்றன.

தமிழ்நாட்டில்

ஆந்திரத்தைத் தொடர்ந்து அதே ஆண்டு நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையை அப்போதைய முதல்வர் மு. கருணாநிதி தொடங்கிவைத்தார். பஞ்சாப், ஆந்திர முன்மாதிரிகள் இதற்கு உதவின. மிகக் குறுகிய காலத்தில் சுமார் 100 சந்தைகள் திறக்கப்பட்டன. 2001-இல் ஆட்சி மாறியதும் திட்டம் புறக்கணிக்கப்பட்டு, பல சந்தைகள் களையிழந்தன. 2006-இல் மீண்டும் ஆட்சி மாறியபோது புத்துயிர் பெற்றன. ஒரு சந்தையின் வளர்ச்சி தேர்தல் முடிவோடு ஏறி இறங்குவதைத் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வியாபாரி எங்கே நுழைகிறார்?

அடையாள அட்டை இருந்தும் வியாபாரிகளின் ஊடுருவல் நிற்கவில்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அட்டையை மட்டும் வைத்திருப்போர், உறவினர் பெயரில் உள்ள அட்டையைப் பயன்படுத்துவோர், பயிர் இல்லாத பருவத்திலும் மண்டியில் வாங்கிவந்து விற்போர் என்று பலவகை. 'பினாமி விவசாயிகள்' என்று இவர்களைக் குறிப்பிடுவதுண்டு. அட்டைகளை அவ்வப்போது மறுஆய்வு செய்து போலிகளை நீக்குவது நிர்வாகத்தின் தொடர் வேலையாகிவிட்டது. இதில் உண்மையாகப் பாதிக்கப்படுவோர் குத்தகைதாரர்கள். நிலத்தில் உழைப்பவர் அவர். ஆவணத்தில் பெயர் இருப்பது வேறொருவருக்கு. நிலப் பத்திரத்தை அடிப்படையாகக் கொண்டு அட்டை வழங்கும்போது, உழுபவர் வெளியே நிற்க நேரிடுகிறது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஹைதராபாத்தைச் சுற்றிய கிராமங்களில் உருளைக்கிழங்கோ பெரிய வெங்காயமோ போதிய அளவு விளைவதில்லை. ஆனால் வாங்க வருபவர் ஒரே இடத்தில் அனைத்தையும் எதிர்பார்க்கிறார். உருளைக்கிழங்குக்காக வேறு கடைக்குச் செல்ல நேர்ந்தால், தக்காளியையும் அங்கேயே வாங்கிவிடுவார். இதனைக் கருத்தில் கொண்டு, வெளியூர்க் காய்கறிகளை மொத்தமாக வாங்கி விற்க மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ரைத்து பஜார்களில் கடைகள் ஒதுக்கப்பட்டன. விதிவிலக்கு என்றாலும், சந்தை உயிரோடு இருக்க அது தேவைப்பட்டது.

சட்டமும் கொள்கையும்

மத்திய அரசு 2003-இல் வெளியிட்ட மாதிரிச் சட்டம், தனியார் சந்தைகளுக்கும் நேரடிக் கொள்முதலுக்கும் விவசாயி-நுகர்வோர் சந்தைகளுக்கும் வழிவகுத்தது. பிகார் 2006-இல் தனது மண்டிச் சட்டத்தையே ரத்து செய்தது. கேரளத்தில் அத்தகைய சட்டம் தொடக்கத்திலிருந்தே இல்லை. மகாராஷ்டிரம் 2016-இல் காய்கறி, பழங்களை மண்டிக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது. அதே ஆண்டு ஏப்ரல் 14 அன்று, மண்டிகளை இணையம் வழியாக இணைக்கும் தேசிய வேளாண் சந்தையான 'இ-நாம்' தளத்தைப் பிரதமர் நரேந்திர மோடி தொடங்கிவைத்தார்.

சிறு விவசாயிகளுக்கு மிக நெருக்கமான அறிவிப்பு 2018-19 நிதிநிலை அறிக்கையில் வந்தது. நாடெங்கும் உள்ள 22,000 ஊரகச் சந்தைகளை 'கிராம வேளாண் சந்தை'களாக மேம்படுத்துவதாகவும், இதற்கும் 585 ஒழுங்குமுறைச் சந்தைகளின் மேம்பாட்டிற்கும் 2,000 கோடி ரூபாயில் நிதியம் ஏற்படுத்துவதாகவும் அறிவிக்கப்பட்டது. வாரச்சந்தை கூடும் இடத்தில் கூரை, மேடை, தண்ணீர், கழிப்பறை இருந்தாலே போதும் என்று கேட்கும் விவசாயப் பெண்களுக்கு, 'டிஜிட்டல் சந்தை' என்ற சொல்லைவிட இது அதிகம் பொருள்படும்.

2020-இல் கொண்டுவரப்பட்ட மூன்று வேளாண் சட்டங்களும், அவற்றுக்கு எதிராக டெல்லி எல்லையில் ஓராண்டுக்கு மேல் நடந்த போராட்டமும் அனைவரும் அறிந்தவை. 2021 நவம்பரில் அவை திரும்பப் பெறப்பட்டன. அந்த விவாதம் முழுவதும் கோதுமை, நெல் கொள்முதலைச் சுற்றியே நடந்தது. தங்கள் மண்டி அமைப்பு குலைந்துவிடும் என்று அஞ்சிய அதே பஞ்சாபில்தான் அப்னி மண்டியும் பிறந்தது என்பதை எவரும் அதிகம் நினைவுகூரவில்லை. தானியத்திற்கு மண்டி வேண்டும், காய்கறிக்கு மண்டியைத் தாண்டிய வழி வேண்டும் என்பதே ஒரே விவசாயக் குடும்பத்தின் இரு வேறு தேவைகளாக இருக்கலாம்.

பெருந்தொற்றுக் காலம்

2020 மார்ச் மாதத்தில் நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, நெரிசல் மிகுந்த மொத்த மண்டிகள் திணறின. கூட்டத்தைக் குறைக்க ஆந்திராவில் ரைத்து பஜார்கள் பிரிக்கப்பட்டு, பள்ளி மைதானங்களிலும் விளையாட்டு அரங்குகளிலும் தற்காலிகச் சந்தைகள் அமைக்கப்பட்டன. ஹைதராபாத்தில் காய்கறி ஏற்றிய வாகனங்கள் 'நடமாடும் ரைத்து பஜார்' என்ற பெயரில் குடியிருப்புகளுக்கே சென்றன. இருபது ஆண்டுகளாக இருந்த விவசாயிகள் பட்டியலும் நிர்வாக அனுபவமும் கைகொடுத்ததால்தான் சில நாள்களில் இதைச் செய்ய முடிந்தது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2023 ஜூலையில் தக்காளி விலை பல நகரங்களில் கிலோ 200 ரூபாயை எட்டியபோது, ஆந்திர அரசு தக்காளியைக் கொள்முதல் செய்து ரைத்து பஜார்களில் கிலோ 50 ரூபாய்க்கு விற்றது. மத்திய அரசும் கூட்டுறவு அமைப்புகள் மூலம் முதலில் 90 ரூபாய்க்கும், பின்னர் 80, 70 ரூபாய்க்கும் விற்பனை செய்தது. விலை ஏறும்போது இச்சந்தைகள் நுகர்வோரின் கேடயமாகப் பயன்படுத்தப்பட்டதற்கு இது எடுத்துக்காட்டு.

எட்டாத தொலைவில் இருப்போர்

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 14.6 கோடி சாகுபடி நிலப் பிரிவுகள் உள்ளன. ஒன்றின் சராசரிப் பரப்பு 1.08 ஹெக்டேர் மட்டுமே. 86 சதவீதத்திற்கும் மேற்பட்டவை 2 ஹெக்டேருக்கும் குறைவானவை. இவர்களில் நேரடிச் சந்தையை எட்டக்கூடியவர்கள் நகரத்தை ஒட்டி வாழும் சிறு பகுதியினரே. மதனப்பள்ளியில் தக்காளி பயிரிடுபவரோ, நாசிக் அருகே வெங்காயம் பயிரிடுபவரோ தம் விளைச்சலைக் கூடையில் சுமந்து நகரத்தில் விற்று முடிக்க இயலாது. லாரிக் கணக்கில் விளையும் இடத்திற்குப் பெரிய மண்டி தேவை. டெல்லியில் 1977 முதல் இயங்கிவரும் ஆசாத்பூர் மண்டி போன்ற பெருஞ்சந்தைகளின் இடத்தை, தார்ப்பாய் விரித்து விற்கும் சந்தைகள் ஒருபோதும் பிடிக்கப்போவதில்லை.

இந்த இடைவெளியை நிரப்பவே உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் ஊக்குவிக்கப்படுகின்றன. சில நூறு குடும்பங்கள் சேர்ந்து தரம் பிரித்து, ஒரே வண்டியில் ஏற்றி, மொத்தமாக விலை பேசுவது இதன் நோக்கம். 10,000 அமைப்புகளை உருவாக்க 6,865 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டம் 2020-இல் தொடங்கப்பட்டது. ஆனால் அங்கும் கணக்கு எழுத ஒருவர், விற்பனையைக் கவனிக்க ஒருவர், நடைமுறை மூலதனம் ஆகியவை தேவை. குடும்பத்திற்குள் கிடைக்கும் கூலியில்லா உழைப்பு அமைப்பிற்குள் கிடைக்காது.

இடமும் ஒரு சிக்கலாக மாறிவருகிறது. 1987-இலும் 1999-இலும் நகர மையத்தில் காலி மனை கிடைத்தது. இன்று அதே மனையின் மதிப்பு பலமடங்கு உயர்ந்துவிட்டது. புதிய சந்தைகளுக்கு இடம் தேடினால் நகரின் எல்லைக்கு அப்பால்தான் கிடைக்கிறது. அங்கு வாங்குவோர் குறைவு. நகரம் விரிந்து, அருகிலிருந்த காய்கறித் தோட்டங்கள் மனைகளாக மாறும்போது, விற்க வரும் குடும்பங்களும் தொலைவுக்குத் தள்ளப்படுகின்றன. 15 கிலோமீட்டர் பயணம் 40 கிலோமீட்டராகும்போது, மேலே சொன்ன 800 ரூபாய்க் கணக்கு தலைகீழாகிவிடும்.

கைப்பேசிச் செயலி வழியாகப் பத்து நிமிடங்களில் காய்கறி வீடு தேடி வரும் வசதி பெருநகரங்களில் பரவியிருப்பது புதிய போட்டி. மாலையில் பையை எடுத்துக்கொண்டு சந்தைக்கு நடக்கும் தலைமுறை மூத்துக்கொண்டே போகிறது. காலையில் பறித்த கீரையின் பசுமையை நேரில் பார்த்து வாங்க விரும்புவோர் இன்னும் வரத்தான் செய்கின்றனர்.

விளைச்சல் பெருகும் நாளில்

நேரடிச் சந்தைகளின் விலைப் பலகையில் எழுதப்படும் எண், மொத்த மண்டியின் விலையைக் கொண்டே தீர்மானிக்கப்படுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. மண்டியில் தக்காளி கிலோ 40 ரூபாய் என்றால் பலகையில் 50 ரூபாய் வரை எழுதலாம். மண்டியில் 4 ரூபாய்க்கு விழுந்தால் பலகையில் 5 ரூபாய்க்கு மேல் எழுத இயலாது. பறிக்கும் கூலிக்கே அது போதாது. தரகர் இல்லை, தராசு சரியாக இருக்கிறது, பணம் கையில் கிடைக்கிறது. ஆனாலும் அன்றைய தினம் அந்தக் குடும்பத்திற்கு நட்டம்தான்.

விலை 200 ரூபாயைத் தொடும்போது மானிய விலையில் விற்க முன்வரும் அரசுகள், 4 ரூபாய்க்கு இறங்கும்போது அதே வேகத்தில் வாங்க முன்வருவது அரிது. அழுகும் பொருள்களுக்கு விலை வீழ்ச்சிக் காலத்தில் உதவ மத்திய அரசின் சந்தைத் தலையீட்டுத் திட்டம் உள்ளது. ஆயினும் அதற்கு மாநில அரசு கோரிக்கை அனுப்ப வேண்டும், செலவில் பங்கேற்க வேண்டும். அனுமதி வருவதற்குள் ஒரு பருவத்தின் தக்காளி தோட்டத்திலேயே பழுத்து உதிர்ந்துவிடுவதும் உண்டு. அத்தகைய நாள்களில் சந்தையில் அமர்ந்திருக்கும் குடும்பங்கள், கடை மூடும் நேரத்தில் மீதிக் கூடையைக் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டு, கடைசிப் பேருந்துக்கு நடையைக் கட்டுகின்றன.